வேலூர் ஸ்கடர் குடும்பத்தின் முதல் ஆள்: யார் இந்த ஜான் ஸ்கடர்?

கலவையில் இருந்து ஆற்காடு வழியாக ராணிப்பேட்டை போகிறவர்களுக்கு 'ஸ்கடர்' என்ற பெயர் புதுசு இல்லை. அங்கே ஸ்கடர் நினைவு மருத்துவமனை இருக்கிறது. கொஞ்சம் தள்ளி வேலூர் போனால் சி.எம்.சி. அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் இந்தக் குடும்பத்தை முதன்முதலில் கப்பல் ஏற்றிக் கூட்டி வந்தது யார்னு கேட்டால் பலரும் யோசிப்பார்கள். சிலர் ஐடாவின் அப்பா என்பார்கள். அதில் ஒரு சின்னக் குழப்பம் இருக்கிறது. ஐடாவின் அப்பா பெயரும் ஜான் ஸ்கடர், தாத்தா பெயரும் ஜான் ஸ்கடர். இங்கே சொல்லப்போவது தாத்தாவைப் பற்றி.

1793-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஃப்ரீஹோல்ட் என்ற ஊரில் பிறந்தவர். பிரின்ஸ்டனில் பட்டம் வாங்கிவிட்டு, 1813-ல் நியூயார்க்கில் மருத்துவம் முடித்தார். அங்கேயே தொழில். ஹேரியட் வாட்டர்பரியைக் கல்யாணம் செய்துகொண்டார், ஒரு பெண் குழந்தை பிறந்தது. வருமானம் நன்றாக இருந்தது, பேரும் ஏறிக்கொண்டு இருந்தது. அதாவது, ஊரை விட்டுப் போக எந்தக் காரணமும் இல்லாத மனிதர்.

1819-ல் ஒரு நோயாளியைப் பார்க்கப் போன வீட்டில் காத்திருந்தபோது, அங்கே கிடந்த ஒரு சிறு பிரசுரத்தை எடுத்துப் படித்தார். கிறிஸ்துவை அறியாத 60 கோடி மக்களுக்கு யார் போய்ச் சொல்வது என்று கேட்கும் பிரசுரம் அது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டினார். அவரும் சம்மதித்தார். அதே வருஷம் ஜூன் 8-ம் தேதி பாஸ்டனில் கப்பல் ஏறிவிட்டார்கள். உடன் வந்தவர்களில் ஒருவர் மிரான் வின்ஸ்லோ. ஆமாம், 1862-ல் வெளிவந்த பெரிய தமிழ் - ஆங்கில அகராதியைத் தந்த அதே வின்ஸ்லோதான்.

விலை உடனே கொடுக்க வேண்டியிருந்தது. கப்பல் கல்கத்தா வந்து சேர்ந்ததும், கூட்டி வந்த அந்த ஒரே மகள் மரியா இறந்துபோனாள். புதைத்துவிட்டு, திரும்பிப் போகாமல், இலங்கைக்குப் பயணத்தைத் தொடர்ந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்பு என்ற ஊரில் குடியிருப்பும் மருத்துவமும் ஆரம்பமாயின. 1820-ல் ஸ்கடர் போதகராகவும் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் இருந்து வெளிநாட்டு ஊழியத்துக்கு வந்த முதல் மருத்துவ மிஷனரி என்று அவரைச் சொல்வார்கள். காலரா வந்த ஊர்களில் மருந்து கொடுத்தார், தமிழ் கற்றுக்கொண்டார், பிரசங்கம் செய்தார். இதற்கு நடுவில் வீட்டில் மேலும் சில குழந்தைகளின் சாவு.

பிழைத்த பிள்ளைகளை வளர்த்த விதம்தான் இந்தக் கதையின் மையம். அந்தக் கால மிஷனரிகளின் வழக்கப்படி, கொஞ்சம் வளர்ந்ததும் மூத்த பையன்கள் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார்கள். இன்றைக்கு ஹாஸ்டலில் விடுவது மாதிரி இல்லை. போய்ச் சேரவே மாதக்கணக்கு ஆகும், கடிதத்துக்குப் பதில் வர ஏறக்குறைய ஒரு வருஷம். ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்த்த அப்பா, தன் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் தெரியாத தூரத்தில் இருந்தார். மூத்தவர் ஹென்றி அங்கே அடங்காத பையனாக வளர்ந்தார். ஒவ்வொரு பிள்ளையின் பிறந்தநாளிலும் ஹேரியட் உபவாசம் இருந்து அந்தப் பிள்ளைக்காக ஜெபம் செய்வார். குடும்ப பக்தி என்று பேசும்போது ஜானின் பெயர்தான் வருகிறது. அதில் பாதிக்கு மேல் இந்த அம்மாவுடையது.

1836-ல் ஸ்கடரும் வின்ஸ்லோவும் சென்னைக்கு மாறினார்கள். அமெரிக்க மிஷனின் அச்சுப் பணி, வைத்தியம், ஊர் ஊராகச் சுற்றி நூல்கள் கொடுப்பது என்று ஓடியது. உடம்பு கெட்டதால் 1842-ல் அமெரிக்கா போன இடத்தில், ஓய்வெடுக்காமல் குழந்தைகள் கூட்டங்களில் பேசித் தள்ளினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரிடம் பேசியதாகக் கணக்கு. குழந்தைகளுக்காக அவர் எழுதியவற்றில் இந்து வழிபாட்டைப் பற்றிய பார்வை மிகக் கடுமையானது. இன்று வாசித்தால் பலருக்கு முகம் சுளிக்கும். மருந்துப் பெட்டி அவருக்கு மதமாற்றத்துக்கான வாசல்தான், அதை அவர் மறைக்கவும் இல்லை. வைத்தியம் பார்த்த கையை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டால் ஆள் முழுசாகத் தெரியமாட்டார்.

1847-ல் திரும்பி வந்தார். கொஞ்ச காலம் மதுரை, பிறகு மறுபடி சென்னை. 1849-ல் ஹேரியட் சென்னையில் இறந்தார். அதே வருஷம், அமெரிக்காவில் மிஷனரி ஆவதற்காகப் படித்துக்கொண்டிருந்த மகன் சாமுவேலும் இறந்துபோனார்.

அடங்காத பையன் ஹென்றி என்ன ஆனார்? மனம் மாறி, 1844-லேயே மிஷனரியாக இந்தியா வந்துவிட்டார். அவரும் தம்பிகள் வில்லியம், ஜோசப் ஆகியோரும் சேர்ந்து 1853-ல் தொடங்கியதுதான் ஆற்காடு மிஷன். அடுத்தடுத்து எசக்கியேல், ஜாரெட், சைலஸ், கடைசித் தம்பி ஜான் என்று மொத்தம் ஏழு மகன்கள் இதில் சேர்ந்தார்கள். மகள்களும் ஊழியத்தில் இருந்தார்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகளே ஒரு மிஷனை நடத்துவது அன்றைக்கும் அபூர்வம்.

ஆனால் அப்பாவால் இதை முழுசாகப் பார்க்க முடியவில்லை. உடம்பு மறுபடி தளர, காற்று மாற்றத்துக்காகத் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைப் பக்கம் போனார். 1855 ஜனவரி 13-ல் அங்கே வின்பெர்க்கில் காலமானார். வயது 61. ராணிப்பேட்டையில் சைலஸ் மருத்துவமனை ஆரம்பித்தது 1866-ல்தான்.

கடைசி மகன் ஜானுக்கு 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த பெண்தான் ஐடா. ஏழு பெரியப்பா, அப்பாக்களைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, தனக்கு இந்த மிஷனரி வேலையே வேண்டாம் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளில் இருந்து பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். வைத்தியரான அப்பா வரத் தயார். ஆண் வைத்தியர் வேண்டாம் என்று மறுத்துவிட்டுப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து, 1900-ல் வேலூர் திரும்பினார். ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்தார். அதே வருஷம் அப்பாவும் இறந்துபோனார்.

நான்கு தலைமுறைகளில் இந்தக் குடும்பத்தில் இருந்து 43 பேர் ஊழியத்துக்கு வந்ததாகவும், அவர்களின் ஆண்டுகளைக் கூட்டினால் 1,100-ஐத் தாண்டும் என்றும் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் மரியா வரமாட்டாள்.