கொற்கையை விட்டு கடல் விலகியது ஏன்? மண்ணைத் தோண்டி விடை தேடிய கால்டுவெல்!

கால்டுவெல் என்றதும் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமும் மெரினா சிலையும்தான் நம்ம நினைவுக்கு வரும். ஆனால் முத்துக்குப் பேர்போன கொற்கை துறைமுகம் எப்படி செத்துப்போனது என்று தோண்டிப் பார்த்தவரும் அவர்தான்.

யார் இந்த கால்டுவெல்?

1814-ல் அயர்லாந்தில் பிறந்தவர் ராபர்ட் கால்டுவெல். 1838-ல், 23 வயதில் மதபோதகராக சென்னை வந்தார். பிறகு நெல்லைச் சீமைக்கு நடந்தே போய், 1841-ல் இடையன்குடியில் குடியேறினார். தேரிக்காட்டுச் செம்மண் சூழ்ந்த அந்த ஊர்தான் கடைசிவரை அவருடைய ஊர். ஒப்பிலக்கண நூல் 1856-ல் வெளியானது. 1877-ல் பிஷப் ஆனார்.

கொற்கையில் என்ன தேடினார்?

சங்க காலப் பாண்டியரின் முத்துத் துறைமுகம் கொற்கை. கிரேக்கர்களுக்கும் தெரிந்த ஊர். ஆனால் கால்டுவெல் போனபோது அது வயல் சூழ்ந்த கிராமம். இப்போதும் கடல் அங்கிருந்து சுமார் 6, 7 கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கு. கப்பல் வந்த ஊரில் கடல் எங்கே போச்சு?

1870-களில் கொற்கையிலும் பழையகாயலிலும் தோண்டிப் பார்த்தார். அவர் கண்ட விடை: குற்றவாளி தாமிரபரணி!

ஆறு எப்படி கடலைத் தள்ளும்?

பொதிகை மலையில் மழை பாறையை அரிக்கிறது. அந்த மண் மலைப் பள்ளங்களில் கொஞ்ச காலம் தங்கும். பெருவெள்ளம் வந்தால் வாரிக்கொண்டு கீழே போகும். கடலைத் தொடும் இடத்தில் ஆற்றின் வேகம் குறைவதால் வண்டல் அங்கேயே படியும். நூற்றாண்டுக் கணக்கில் படிந்தால் கடல் நிலமாகிவிடும்.

கொற்கை தூர்ந்ததும் வணிகம் காயலுக்குப் போனது. மார்க்கோ போலோ சொன்ன துறைமுகம் அந்தக் காயல்தான் என்பது கால்டுவெல் முடிவு. அதுவும் மண்ணில் சிக்கியது. அடுத்து எழுந்தது தூத்துக்குடி. ஆற்று முகத்துவாரம் இருப்பது தெற்கே, புன்னைக்காயலில்.

இதையெல்லாம் 1881-ல் வெளியான திருநெல்வேலி சரித்திரத்தில் எழுதிவைத்தார். 1891-ல் கொடைக்கானலில் காலமானார். உடல் இடையன்குடியில் அடக்கம் செய்யப்பட்டது.

இன்று என்ன நிலை?

இப்போ கதை தலைகீழ். அணைகள் மண்ணை மேலேயே பிடித்து வைக்கின்றன. ஆற்று மணலையும் அள்ளிவிட்டோம். வண்டல் வராத கரையை கடல் அரிக்கும். மண் கூடினால் துறைமுகம் போகும். குறைந்தால் கரையே போகும். அதைப் புரிந்துகொள்ள இன்றும் நல்ல சாட்சி, கடல் இல்லாத கொற்கைதான்.