ஆர்னோல்டு தைலர்

ஆர்னோல்டு தைலர் (மார்ச் 26, 1867 – ஜூலை 24, 1936) சுவிட்சர்லாந்தில் பிறந்து தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய கால்நடை மருத்துவரும் நோயியல் ஆய்வாளரும் ஆவார். பிரிட்டோரியா நகருக்கு வடக்கே அமைந்துள்ள ஓண்டர்ஸ்டபோர்ட் கால்நடை ஆய்வு நிலையத்தை நிறுவியவர் இவரே. மாடுகளின் இரத்தத்தில் வாழும் தைலேரியா என்னும் ஒட்டுண்ணிப் பேரினம் இவர் பெயரால் வழங்கப்படுகிறது. வெக்கை நோய், கிழக்குக் கடற்கரைக் காய்ச்சல், ஆப்பிரிக்கக் குதிரை நோய், நீலநாக்கு நோய் ஆகியவை குறித்த ஆய்வுகளுக்காக இவர் பரவலாக அறியப்படுகிறார். எனினும் புல் தின்னும் மாடு ஏன் செத்த விலங்கின் எலும்பைத் தேடித் தின்கிறது என்ற கேள்வியைப் பின்தொடர்ந்து சென்ற ஆய்வே இவருடைய பணிகளுள் தலையாயது எனலாம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்காக 1951இல் நோபல் பரிசு பெற்ற மாக்ஸ் தைலர் இவருடைய மகன் ஆவார்.

இளமையும் தென்னாப்பிரிக்கப் பயணமும்

தைலர் சுவிட்சர்லாந்தின் ஆர்காவ் மாநிலத்தில் உள்ள ஃபிரிக் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். பெர்ன், சூரிச் ஆகிய நகரங்களில் கால்நடை மருத்துவம் பயின்று 1889இல் தேர்ச்சி பெற்றார். சிறிது காலம் சொந்த நாட்டில் தொழில் செய்த பின்னர், 1891இல் அன்று திரான்சுவால் குடியரசு எனப்பட்ட தென்னாப்பிரிக்கப் பகுதிக்குச் சென்றார்.

தொடக்கத்தில் பிரிட்டோரியாவில் தொழில் அமையாததால் அருகிலிருந்த ஐரீன் என்னும் பெரும்பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே தீவனம் வெட்டும் இயந்திரத்தில் சிக்கி இடது கையை இழந்தார். அறுவைக் கத்தியையும் நுண்ணோக்கியையும் நம்பி வாழ வேண்டிய ஒருவருக்கு இது பேரிழப்பாகும். ஆயினும் அவர் தொழிலைக் கைவிடவில்லை. பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான கால்நடைகளின் உடற்கூறாய்வில் ஈடுபட்டவர் இந்த ஒற்றைக் கை மருத்துவரே.

1893இல் விட்வாட்டர்ஸ்ராண்டு தங்கச் சுரங்கப் பகுதியில் பெரியம்மை பரவியபோது, அதற்கான அம்மைப்பாலைத் தயாரித்து வழங்கினார். அரசின் கவனம் இவர் மேல் திரும்ப இதுவே காரணமாயிற்று. அதே ஆண்டில் எம்மா சோஃபி யெக்கெ என்பவரை மணந்தார்.

வெக்கை நோய்

1896இல் வெக்கை நோய் சாம்பேசி ஆற்றைக் கடந்து தெற்கு ஆப்பிரிக்காவினுள் நுழைந்தது. தாக்கப்பட்ட மந்தைகளில் பெரும்பாலான மாடுகள் மடிந்தன. அக்காலத்தில் அங்கு சரக்குப் போக்குவரத்து எருது வண்டிகளையே நம்பியிருந்தது. ஆப்பிரிக்கக் குடிகளுக்கோ மாடு பாலாகவும் உழவாகவும் மணக்கொடையாகவும் சேமிப்பாகவும் விளங்கியது. எனவே மாடு அழிந்தபோது வறுமை மட்டுமன்றிச் சமூகச் சிதைவும் நேர்ந்தது. மந்தையை இழந்த பலர் கூலி வேலைக்குச் செல்ல நேரிட்டது.

அவ்வாண்டில் குடியரசின் அரசுக் கால்நடை மருத்துவராக அமர்த்தப்பட்ட தைலர், நேட்டால் பகுதியின் கால்நடை மருத்துவர் ஹெர்பர்ட் வாட்கின்ஸ்-பிட்ச்ஃபோர்டுடன் இணைந்து மாரிக்கோ மாவட்டத்தில் ஆய்வு செய்தார். நோயிலிருந்து மீண்ட மாட்டின் இரத்தச் சீரம் பிற மாடுகளைக் காக்கும் என்பதை இருவரும் காட்டினர். இதே காலத்தில் கிம்பர்லிக்கு வந்த இராபர்ட் கோக், நோயுற்ற மாட்டின் பித்தநீரைச் செலுத்தும் முறையை 1897இல் அறிவித்தார். உலகப் புகழ் பெற்ற கோக்கின் பெயரே செய்திகளில் ஓங்கி ஒலித்தது; ஆனால் காலப்போக்கில் நிலைத்தது சீரத்தை அடிப்படையாகக் கொண்ட முறைதான். சீரத்துடன் நோயுற்ற மாட்டின் இரத்தத்தையும் சேர்த்துச் செலுத்தும் வழியைக் கிம்பர்லியில் கோலே, டர்னர் ஆகியோர் செம்மைப்படுத்தினர். இந்தியாவிலும் 1920களில் முக்தேசரில் ஆட்டின் வழி வலுக்குறைத்த தடுப்பு மருந்து உருவாகும் வரை இம்முறை கையாளப்பட்டது. 2011இல் வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

இரண்டாம் போயர் போரின்போது (1899–1902) தைலர் போயர் பீரங்கிப் படையின் கால்நடை மருத்துவராகப் பணியாற்றினார். பிரிட்டோரியா பிரித்தானியர் வசமான பின், புதிய ஆட்சியும் இவரைப் பணியில் வைத்துக்கொண்டது.

கிழக்குக் கடற்கரைக் காய்ச்சல்

வெக்கை நோயாலும் போராலும் வெறுமையான மேய்ச்சல் நிலங்களை நிரப்பக் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மாடுகள் கொண்டுவரப்பட்டன. அவற்றுடன் புதியதொரு காய்ச்சலும் வந்தது. முன்பே அறியப்பட்டிருந்த, உண்ணிகளால் பரவும் செந்நீர்க் காய்ச்சலின் கடுமையான வடிவமே இது என்று பலரும் கருதினர். கோக்கும் தொடக்கத்தில் இக்கிருமியைச் செந்நீர்க் காய்ச்சல் கிருமியின் ஒரு வளர்நிலை என்றே எண்ணியிருந்தார். ஆனால் செந்நீர்க் காய்ச்சலுக்கு எதிர்ப்பாற்றல் பெற்ற மாடுகளும் இப்புதிய நோயில் மடிவதையும், நோயுற்ற மாட்டின் இரத்தத்தைச் செலுத்தினால் நோய் பரவாததையும் தைலர் கவனித்தார். இது வேறு நோய், வேறு கிருமி என்ற முடிவுக்கு வந்து, 1904இல் அக்கிருமிக்குப் பைரோபிளாஸ்மா பார்வம் எனப் பெயரிட்டார். 1907இல் அது தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டு தைலேரியா எனப் பெயர் பெற்றது. இந்தியாவில் கலப்பின மாடுகளைத் தாக்கும் தைலேரியா நோய்க்குக் காரணம் இப்பேரினத்தைச் சேர்ந்த மற்றொரு சிற்றினம் ஆகும்.

கேப் பகுதியின் பூச்சியியலாளர் சார்லஸ் லவுன்ஸ்பரி, பழுப்புக் காது உண்ணியே இந்நோயைப் பரப்புகிறது என்று நிறுவினார். இதன்படி மாடுகளைக் குறுகிய இடைவெளிகளில் மருந்து நீர்த் தொட்டியில் இறக்கிக் குளிப்பாட்டுவது கட்டாயமாக்கப்பட்டது. அறிவியல் நோக்கில் இது சரியான வழியே. ஆனால் கட்டணமும் கெடுபிடியும் மேய்ச்சல் தடைகளும் ஆப்பிரிக்க மாடு வளர்ப்போரைக் கடுமையாகப் பாதித்தன. 1914இல் கிழக்கு கிரிக்வாலாந்துப் பகுதியில் மக்கள் இத்தொட்டிகளைத் தகர்த்தனர். தைலரின் காலத்து வெற்றிகளை மதிப்பிடும்போது இப்பக்கத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஓண்டர்ஸ்டபோர்ட்

பிரிட்டோரியாவை அடுத்த டாஸ்போர்ட்டில் போதிய வசதியற்ற கட்டடங்களில் நடந்துவந்த ஆய்வுகள், 1908 அக்டோபரில் ஓண்டர்ஸ்டபோர்ட்டில் எழுந்த புதிய நிலையத்துக்கு மாறின. தைலர் அதன் இயக்குநரானார். 1910இல் மாட்டின் செவ்வணுக்களின் ஓரத்தில் காணப்படும் சிறு புள்ளிகள் ஒரு தனி நோய்க்கிருமி என விளக்கி, அதற்கு அனாபிளாஸ்மா மார்ஜினாலே எனப் பெயரிட்டார். அதனோடு ஒத்த, ஆனால் தீவிரம் குறைந்த மற்றொரு கிருமியைக் கொண்டு தடுப்பு முறையையும் உருவாக்கினார்; இது பல நாடுகளில் நெடுங்காலம் பயன்பட்டது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் செம்மறி ஆடுகளைத் தாக்கும் நீலநாக்கு நோய்க்கு எதிரான முதல் தடுப்பு மருந்தும் இவர் தயாரித்ததே.

ஆப்பிரிக்கக் குதிரை நோய்க்கான தடுப்பு முறையில் குதிரைகளுக்கு வைரசும் சீரமும் ஒருங்கே செலுத்தப்பட்டன. அவ்வாறு ஊசி பெற்ற குதிரைகளுள் சில, வாரங்கள் கழித்துக் கல்லீரல் சிதைந்து இறந்தன. தம் மருந்தால் நேர்ந்ததை மறைக்காமல் தைலர் 1918இல் விரிவாகப் பதிவு செய்தார். குதிரை மருத்துவத்தில் இது தைலர் நோய் எனப்படுகிறது. இதனுடன் தொடர்புடைய பார்வோ வைரசு ஒன்று நூறாண்டுகள் கழித்து, 2018இல்தான் கண்டறியப்பட்டது.

லாம்சீக்டே: எலும்பு தின்னும் மாடுகள்

தென்னாப்பிரிக்காவின் வறண்ட வடமேற்குப் பகுதிகளில் மாடுகள் திடீரெனக் கால் செயலிழந்து, எழ இயலாமல், நாக்கும் தொண்டையும் தளர்ந்து இறக்கும் நோய் நெடுங்காலமாக இருந்துவந்தது. இதனை லாம்சீக்டே, அதாவது முடக்க நோய் என்று அழைத்தனர். நோயுற்ற மந்தைகளின் மாடுகள் எலும்பு மெல்லுவதைப் பண்ணையாளர்கள் அறிந்திருந்தனர். கேப் அரசின் கால்நடை மருத்துவர் டங்கன் ஹட்சியன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எலும்புத் தூள் கொடுக்குமாறு பரிந்துரைத்திருந்தார். ஆனால் அதற்கான விளக்கம் எவரிடமும் இல்லை. தைலரும் சில ஆண்டுகள் புல்லில் உண்டாகும் ஏதோ நஞ்சே காரணம் என்று நம்பி அவ்வழியிலேயே தேடினார்.

1919இல் வ்ரைபர்க் நகருக்கு அருகில் ஆர்மூட்ஸ்ஃப்ளாக்டே என்னும் பண்ணையில் ஆய்வுகள் தொடர்ந்தன. அப்பெயருக்கு வறுமைச் சமவெளி என்று பொருள். மண்ணின் தன்மைக்கு அது பொருந்தியது. மாடுகள் எலும்பு தின்னும் பழக்கத்தையே ஆய்வின் மையமாகக் கொண்டபோது முடிச்சு அவிழ்ந்தது. வெயிலில் வெளுத்த தூய எலும்புகளால் தீங்கில்லை. ஆனால் அழுகிய தசை ஒட்டிய எலும்புகளையும் பிணப் பொருளையும் கொடுத்தால் நோய் உண்டாயிற்று. அழுகும் பிணத்தில் பெருகும் போட்டுலினம் வகைப் பாக்டீரியாவின் நஞ்சே மாட்டை முடக்கியது.

அப்படியானால் மாடு எலும்பைத் தேடுவது ஏன்? விடை மண்ணில் இருந்தது. அப்பகுதி மண்ணில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. ஆகவே புல்லிலும் குறைவு, குறிப்பாக வறண்ட குளிர்காலத்தில். சினையுற்ற மாடுகளுக்கும் பால் கறக்கும் மாடுகளுக்கும் வளரும் கன்றுகளுக்கும் தேவை மிகுதியானதால் அவற்றுக்கே எலும்பு வேட்கை கடுமையாக இருந்தது. மண்ணில் குறை, புல்லில் குறை, மாட்டுக்கு வேட்கை, பிணத்தில் நஞ்சு, பின் சாவு. செத்த மாடு அடுத்த மாட்டுக்கு நஞ்சுக் கலமாகிறது. இச்சங்கிலியை முழுமையாக வெளிக்கொணர்ந்ததில் வேதியியலாளர் எச். எச். கிரீன், பி. ஜே. டு டாய்ட் முதலிய உடன்பணியாளர்களுக்கும் பெரும் பங்குண்டு. கிருமியை மட்டும் தேடியிருந்தாலும், தீவனக் குறையை மட்டும் தேடியிருந்தாலும் இந்நோய் விளங்கியிராது.

தடுப்பு முறையோ மிக எளிது. எலும்புத் தூள் கொடுத்தால் எலும்பு வேட்கை அடங்கியது, மாடுகள் சாவது குறைந்தது. எதிர்பாராத பயனாக மாடுகளின் எடையும் பாலும் கன்று ஈனும் விகிதமும் உயர்ந்தன. நோயற்றவை என்று கருதப்பட்ட மாடுகளும் அதுவரை பட்டினியில் இருந்தன என்பது இதனால் தெளிவாயிற்று.

எலும்பு நோயியல்

பாஸ்பரஸ் குறைந்த மாடுகளுக்கு மற்றொரு துன்பமும் இருந்தது. அவை விறைத்து நடந்தன. விலா எலும்புகளும் கால் எலும்புகளும் எளிதில் முறிந்தன. இந்த எலும்புகளின் நுண்ணமைப்பை ஆராய்வதே தைலரின் பிற்காலப் பணியாயிற்று. 1927இல் இயக்குநர் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் அவர் இதைத் தொடர்ந்தார்.

எலும்பு உயிரற்ற கல் அன்று. எலும்பு ஆக்க உயிரணுக்கள் முதலில் மென்மையான புரதப் படுகையை அமைக்கின்றன. அதில் கால்சியமும் பாஸ்பரசும் படிந்தே அது கெட்டியாகிறது. பழைய எலும்பு கரைவதும் புதியது படிவதும் வாழ்நாள் முழுதும் நடைபெறுகின்றன. பாஸ்பரஸ் கிடைக்காதபோது உயிரணுக்கள் படுகையை அமைத்துக்கொண்டே செல்லும். ஆனால் அது கெட்டியாவதில்லை. எலும்பு முறிந்தால் முறிவைச் சுற்றி இணைப்புத் திசு வளரும், அதுவும் மெத்தென்றே இருந்துவிடும். பாஸ்பரஸ் கொடுத்தவுடன் காத்திருந்த படுகையில் உப்புகள் படியத் தொடங்கி எலும்பு உறுதி பெறுகிறது. வளரும் விலங்கில் இக்குறை ரிக்கெட்ஸ் நோயாகவும், வளர்ந்த விலங்கில் எலும்பு மென்மை நோயாகவும் தோன்றுகிறது.

எலும்பு கெடும் நோய்கள் அனைத்தும் ஒன்றல்ல என்பதைத் தைலர் வலியுறுத்தினார். எடுத்துக்காட்டாக, தவிட்டையே மிகுதியாக உண்ணும் குதிரையின் தாடை எலும்பு வீங்கி மென்மையாகிறது. இங்கே பாஸ்பரஸ் குறைவன்று, மிகுதி. அதற்கு ஈடான கால்சியம் இல்லாமையே கேடு. அங்கு எலும்பு கரைந்து நார்த்திசுவாக மாறுகிறது. இதற்கு எலும்பு மென்மை நோயின் மருத்துவத்தைச் செய்தால் தீமையே மிகும். இத்தகைய நோய்களை வகைப்படுத்தி அவர் எழுதிய தொடர் கட்டுரை 1934இல் வெளிவந்தது.

பிற பணிகளும் குடும்பமும்

1914இல் பிரித்தானிய அரசு இவருக்குச் சர் பட்டம் வழங்கியது. அதுவரை கால்நடை மருத்துவம் படிக்கத் தென்னாப்பிரிக்க மாணவர்கள் வெளிநாடு செல்ல வேண்டியிருந்தது. 1920இல் ஓண்டர்ஸ்டபோர்ட்டில் கால்நடை மருத்துவப் புலம் தொடங்கப்பட்டபோது தைலர் அதன் முதல் புலத்தலைவரானார். 1928இல் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று அந்நாட்டின் கால்நடை ஆய்வுகள் குறித்து ஆலோசனை வழங்கினார். 1936 ஜூலை 24 அன்று இலண்டனில் காலமானார்.

தைலர் இணையருக்கு நான்கு மக்கள். மூத்த மகன் ஹான்ஸ் கால்நடை மருத்துவரானார். மகள் கெர்ட்ரூடு ஆப்பிரிக்க உண்ணிகள் குறித்த ஆய்வில் உலகறிந்த வல்லுநராக விளங்கினார். இளைய மகன் மாக்ஸ் உருவாக்கிய 17டி என்னும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, தந்தை இறந்ததற்கு அடுத்த ஆண்டில் அறிவிக்கப்பட்டது. எலிகளைத் தாக்கும் தைலர் மூளையழற்சி வைரசு மகனின் பெயரால் அமைந்தது. குதிரைகளின் தைலர் நோய் தந்தையின் பெயரால் அமைந்தது. நூல்களில் இவ்விரண்டும் சில வேளைகளில் குழப்பிக்கொள்ளப்படுகின்றன.