தந்த வைத்தியத்தின் தந்தை பியேர் போஷார்

பல்வலியின் கொடுமை பட்டவர்க்கே தெரியும். அரசனாயினும் ஆண்டியாயினும், கடைவாய்ப்பல் ஒன்று நோவெடுத்த இரவில் உறங்குதல் அரிது. அந்நோவைத் தீர்க்கும் தொழிலைச் சந்தைவெளி வித்தையினின்றும் சாஸ்திரமாக உயர்த்தியவர் பிரான்சு தேசத்துப் பியேர் போஷார் என்னும் பெரியார்.

இவர் 1678-ஆம் ஆண்டில் அந்நாட்டின் மேற்குப் பகுதியிற் பிறந்தார். இளமையிலேயே கப்பற்படையிற் சேர்ந்து, பொதலரே என்னும் சஸ்திர வைத்தியரிடம் பயின்றார். நெடுங்கடற் பயணத்தில் மாலுமிகள் ஸ்கர்வி நோயால் ஈறு வீங்கிப் பல்லிழந்து வருந்தியதைக் கண்டமையே இவரது மனத்தைப் பல்லின்பாற் செலுத்திற்று. பின்னர் ஆஞ்சே நகரில் தொழில் நடத்திப் பாரிஸ் மாநகரிற் குடியேறினார்.

அக்காலத்துப் பல் வைத்தியர் பலர் தம் கைத்திறனை மறைபொருளாகக் காத்து வந்தனர். போஷாரோ தாம் கற்றவற்றையும் செய்தவற்றையும் ஒளிக்காமல், 1728-ல் இரண்டு பாகங்களாக அச்சிட்டு உலகிற்கு வழங்கினார். பல்லைப் புழு அரிக்கின்றது என்பது அந்நாளைய நம்பிக்கை. நம்மவர் நாவிலும் பூச்சிப்பல் என்னும் சொல் இன்றும் வழங்குகின்றதன்றோ? போஷார் நுண்பெருக்கிக் கண்ணாடி கொண்டு தேடினார், புழுவைக் காணவில்லை. ஆகவே அந்நம்பிக்கையை ஏற்க மறுத்தார்; இனிப்புப் பண்டங்கள் பல்லுக்குக் கேடு என்றும் எச்சரித்தார்.

பல்லினுள்ளே சீழ் கட்டின், இவர் உடனே பிடுங்கிவிடாது, துளையிட்டுச் சீழை வடியச் செய்வார். கிராம்புத் தைலத்திலோ இலவங்கப்பட்டைத் தைலத்திலோ நனைத்த பஞ்சை உள்ளே வைப்பார். நோவு தணிந்தபின் ஈயத் தகட்டால் அடைப்பார். வேர்க்குழாய்ச் சிகிச்சையின் முன்னோடி இதுவே எனலாம்.

இவர் 1761-ல் மறைந்தார். உடல் உயிரணுக்களால் ஆயது என்னும் கொள்கை நிலைபெற்றது 1839-ஆம் ஆண்டளவிலேயே. எனவே, தாம் இட்ட மருந்து வேரைச் சூழ்ந்த நுண்ணுயிர்ப்பொருளை என்செய்யும் என்று இவர் அறிய வழியில்லை. கிராம்புத் தைலத்தின் சாரமாகிய யூஜினால், துத்தநாக ஆக்சைடுடன் கலந்து, வேர்க்குழாயை அடைக்கும் பசையாகப் பிற்காலத்தில் வழக்கத்திற்கு வந்தது. வேரை எலும்போடு பிணைக்கும் மெல்லிய சவ்வின் உயிரணுக்களைச் சோதனைச்சாலையில் வளர்த்து ஆராய்ந்தபோது, இறுகாத புதுப்பசை அவற்றுக்கு நஞ்சாதல் விளங்கிற்று. பசை இறுகுந்தோறும் அக்கேடு குறையும். வேர்நுனியைக் கடந்து கசியின் அழற்சி நேரும். பிசின் வகைப் பசைகளிற் சில, இறுகும்போது பார்மால்டிஹைடை வெளியிடுகின்றன. 1990-களிற் புகுந்த கால்சியம் சிலிகேட்டு வகைகளை உயிரணுக்கள் பெரும்பாலும் நன்கு பொறுத்துக்கொள்கின்றன. ஆயினும், கண்ணாடிக் கலத்திற் கண்டது முழுவதும் உடலில் அவ்வாறே நிகழும் என்பதற்கில்லை. உடலிற் குருதி ஓடி நஞ்சைக் கழுவுகின்றது.

இவற்றால் போஷாரின் புகழ் குன்றுமோ? குன்றாது. நோவைத் தணிப்பது யாவும் உயிர்க்கு நன்று என்று கொள்ளலாகாது. கண்டு சோதித்தே தெளிதல் வேண்டும். புழுக்கொள்கையைத் தள்ளுவதற்கு இவர் கைக்கொண்ட அந்நெறியே, இவர் இட்ட தைலத்தையும் ஈயத்தையும் பிற்காலத்தார் ஆராய்வதற்குத் துணையாயிற்று. தம் கைமருந்தைப் பின்வந்தோர் திருத்துமாறு, அறிந்ததையெல்லாம் மறையாது எழுதிவைத்தவரே மெய்யான ஆசிரியர். கல்வி பயிலும் நாமும் அவ்வழி நிற்போமாக.