கடிதம் எழுதியே எழுத்தாளரானவர்: சூரி நாகம்மா



நம் காலாண்டிதழுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்கும்போதெல்லாம் உங்களில் பலர் சொல்லும் பதில் ஒன்றுதான். எழுத வராது என்கிறீர்கள். வீட்டிலுள்ள பெரியவர்கள், குறிப்பாக அம்மாக்களும் பாட்டிகளும், தாங்கள் என்ன பெரிய படிப்பா படித்துவிட்டோம் என்று சிரித்து ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் அதே பாட்டி மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டபடியே அறுபது வருடத்துக் கதையை நாள், கிழமை தப்பாமல் சொல்கிறார். அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் இந்த இதழுக்கு யாரைப் பற்றி எழுதுவது என்பது முடிவாயிற்று.

சூரி நாகம்மாவின் பெயரை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். ரமணாசிரமத்துக்குப் போய்வருபவர்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் நன்றாகத் தெரியும். தெலுங்கு வாசகர்களிடையே அவர் புகழ்பெற்ற எழுத்தாளர். இன்று பௌர்ணமிதோறும் ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் நம் ஊருக்கு எவ்வளவு பேர் வருகிறார்கள் என்பதை நீங்களே பார்க்கிறீர்கள். கிரிவலப் பாதையில் தெலுங்குப் பலகை இல்லாத ஓட்டல் இப்போது குறைவு. அந்தக் கூட்டம் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, 1941-இல், ஒரு தெலுங்குப் பெண்மணி இந்த ஊருக்கு வந்து செங்கம் சாலைப் பக்கம் தங்கினார். பள்ளிக்கூடம் பார்க்காதவர். குழந்தை விதவை.

அவர் பிறந்தது 1902-இல், குண்டூர் மாவட்டத்தில் கொலனுகொண்டா என்ற சிறிய கிராமத்தில். நான்கு வயதில் தந்தை போனார், பத்து வயதில் தாயும் போனார். பதினோரு வயதில் கல்யாணம். கொஞ்ச காலத்திலேயே கணவரும் இறந்துவிட்டார். கல்யாணம் என்றால் என்னவென்றே தெரியாத வயதில் அவர் வாழ்க்கை முடிந்துவிட்டதாக ஊரும் உறவும் கருதிய காலம் அது.

அந்தக் காலத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். கந்துகூரி வீரேசலிங்கம் ராஜமுந்திரியில் விதவை மறுமணம் நடத்திவைத்தது 1881-இல். நம் பக்கத்தில் சகோதரி சுப்புலட்சுமி சென்னையில் இளம் விதவைகளைப் படிக்கவைக்க விடுதி தொடங்கியது 1912-இல். சீர்திருத்தம் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கிராமத்து வைதிகக் குடும்பங்களின் வாசற்படியை அது தாண்டவில்லை. நாகம்மாவுக்குக் கிடைத்தது வீட்டின் உள்கட்டு வாழ்க்கைதான்.

வீட்டில் இருந்தவர்களைக் கொண்டே எழுத்துக் கற்றார். அந்நாளில் தெலுங்கு வீடுகளில் எந்தப் புத்தகம் இல்லாவிட்டாலும் போதனாவின் பாகவதம் இருக்கும். அதைப் படித்தார். படிக்கப் படிக்க அந்தச் செய்யுள் நடை மனதில் தங்கி, அவரும் தெலுங்கில் பாட்டுக் கட்டத் தொடங்கினார். நம் நாட்டுப் பெண்கள் பலர் எழுத்துக்குள் நுழைந்த வழி இதுதான். வங்காளத்தில் ராஸசுந்தரி தேவி என்ற குடும்பத் தலைவி, வைணவ நூல் ஒன்றின் ஏட்டை அடுக்களையில் ஒளித்துவைத்து யாருக்கும் தெரியாமல் எழுத்துக்கூட்டிப் படித்தார். 1876-இல் தன் வாழ்க்கையையே புத்தகமாக எழுதினார். தமிழில் வை.மு. கோதைநாயகி நாகம்மாவுக்கு ஒரு வயது மூத்தவர். அவருக்கும் பள்ளிப் படிப்பு கிடையாது. முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி ஒருவர் எழுதினார். கோதைநாயகிக்குக் கணவரின் ஆதரவு இருந்தது. நாகம்மாவுக்கு அந்த இடத்தில் அவருடைய சகோதரர்தான் வந்தார். அதற்கு இன்னும் பல வருடம் இருக்கிறது.

1941-இல் திருவண்ணாமலைக்கு வந்தபோது நாகம்மாவுக்கு வயது முப்பத்தொன்பதை நெருங்கியிருந்தது. ரமண மகரிஷி பழைய ஹாலில் சோபாவில் அமர்ந்திருப்பார். ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். வக்கீல்கள், பேராசிரியர்கள், சமஸ்கிருத பண்டிதர்கள், வெள்ளைக்காரர்கள் எல்லோரும் அங்கே கேள்வி கேட்பார்கள். இவர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். கேட்க வேண்டியது நெஞ்சு நிறைய இருந்தும் வாய் திறக்கத் துணிவு வரவில்லை. சில நாட்கள் இப்படியே போயின. பிறகு சொல்ல நினைத்ததையெல்லாம் தெலுங்குச் செய்யுளாக ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார். மகரிஷி அதை வாங்கிப் படித்தார்.

நாகம்மாவின் துணிச்சல் என்று நான் நினைப்பது இதைத்தான். சபையில் எழுந்து பேசுகிற துணிச்சல் அவருக்கு வரவேயில்லை. அது வரட்டும் என்று அவர் காத்திருக்கவும் இல்லை. பேச முடியாததை எழுத முடியும் என்று கண்டுகொண்டார், கை நீட்டித் தாளைக் கொடுத்தார்.

அடுத்த சில வருடங்கள் அவர் புத்தகம் என்று எதையும் எழுதவில்லை. ஹாலுக்குப் போவதும், உட்கார்ந்து பார்ப்பதும், கேட்பதும்தான். 1945 நவம்பரில்தான் திருப்பம் வந்தது. வங்கியில் உயர் பதவியில் இருந்த அவருடைய சகோதரர் டி.எஸ். சாஸ்திரி, ஆசிரமத்தில் நடப்பதையெல்லாம் தனக்குக் கடிதமாக எழுதும்படி கேட்டுக்கொண்டார். வேலை நிமித்தம் வெளியூரில் இருப்பவருக்கு இங்கே நடப்பது தெரிய வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். நாகம்மா தயங்கினார். பிறகு எழுத உட்கார்ந்தார்.

அந்த நாளில் அதே ஹாலில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் யார் என்று பார்த்தால் தயக்கத்தின் காரணம் உங்களுக்கே புரியும். 1935 முதல் 1939 வரை நடந்த உரையாடல்களை முனகால வெங்கடராமையா ஆங்கிலத்தில் பதிவு செய்து வைத்திருந்தார். 1945-இலிருந்து சித்தூர் வக்கீல் தேவராஜ முதலியார் ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். அதற்கு முன்பே பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயரின் புத்தகம் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. இவர்கள் எல்லோரும் கல்லூரியோ வெளியுலகமோ பார்த்த ஆண்கள். அவர்களுக்கு நடுவில் வீட்டுத் தெலுங்கு மட்டும் தெரிந்த ஒரு விதவை எதை எழுதிவிட முடியும்?

நாகம்மா எழுதியதை அந்தப் பெரியவர்கள் யாரும் எழுதவில்லை. அவர்கள் கேள்வியையும் பதிலையும் குறித்துவைத்தார்கள். இவர் அந்தக் கேள்வி வந்தபோது மணி என்ன, வாசலில் யார் நின்றார்கள், மகரிஷி சிரித்தாரா, சும்மா இருந்தாரா, அணில் எந்தப் பக்கமிருந்து வந்து கடலை கேட்டது என்பதையெல்லாம் சேர்த்து எழுதினார். பரோடாவிலிருந்து வந்த வெள்ளை மயில் அவர் கடிதங்களில் நடமாடுகிறது. லட்சுமி என்ற பசு வருகிறது. 1948 ஜூன் மாதம் அந்தப் பசு இறந்த நாளை அவர் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஒரு வீட்டுப் பெரியவரின் கடைசி நேரத்தை எழுதுவதுபோலவே எழுதியிருப்பார். சாஸ்திர விசாரம் வரும் கடிதங்களைவிட, இந்த மாதிரிக் கடிதங்கள்தான் எனக்கு ஒரு படி மேல்.

மகரிஷியே சொன்ன பழைய கதைகளும் அவர் வழியாகத்தான் நமக்கு நிறையக் கிடைத்தன. கிழிந்த கோவணத்தைத் தைக்க முள்ளை ஊசியாக்கி, அந்தத் துணியிலிருந்தே நூலை உருவித் தைத்த கதை அவற்றில் ஒன்று. ஊன்றுகோலோடு கிரிவலம் வந்த முடவர் ஒருவரின் கதை இன்னொன்று. அடுத்த பௌர்ணமிக்கு நடக்கும்போது பக்கத்தில் வரும் யாரிடமாவது அந்தக் கதையைக் கேட்டுப் பாருங்கள். சிலருக்காவது தெரிந்திருக்கும். ஆனால் அதை எழுதிவைத்தவர் பெயர் தெரிந்திருக்காது.

எழுதத் தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே அவர் கைக்கு ஒரு கனமான விஷயம் வந்தது. 1945 டிசம்பரில் எச்சம்மாள் காலமானார். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். கணவரையும் பிள்ளைகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்துவிட்டு இங்கே வந்தவர். மகரிஷி மலைமேல் குகையில் இருந்த காலத்திலிருந்து ஏறக்குறைய முப்பத்தெட்டு வருடம் தினமும் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவர். இழப்பிலேயே வளர்ந்த ஒரு பெண், எல்லாவற்றையும் இழந்த இன்னொரு பெண்ணின் முடிவை எழுதுகிறார். அழுது புலம்பும் வாய்ப்பு நிறையவே இருந்தது. நாகம்மா நடந்ததைச் சொல்கிறார், எச்சம்மாளின் வாழ்க்கையைச் சொல்கிறார், நிறுத்திக்கொள்கிறார். முதல் மாதத்து எழுத்தாளருக்கு இந்த நிதானம் எப்படி வந்தது என்று ஆச்சரியமாக இருக்கிறது. நாலு வருடம் சும்மா உட்கார்ந்து பார்த்ததால் வந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவருடைய நாள் எப்படிப் போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். இருட்டிய பிறகு பெண்கள் ஆசிரமத்துக்குள் தங்கக் கூடாது என்பது அந்நாளைய விதி. அதனால் நாகம்மா வெளியே வீடு எடுத்துத் தங்கினார். காலையில் ஹால், நடுவில் வீட்டு வேலை, மதியத்துக்கு மேல் மறுபடி ஹால், பொழுது சாய்வதற்குள் வீடு. விதி கட்டுப்பாடுதான், சந்தேகமில்லை. ஆனால் அன்றைக்குக் கண்டதை ஆறப்போட்டு, தனியாக நினைத்துப் பார்க்க அது அவருக்கு ஒரு மாலைப் பொழுதையும் கொடுத்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1945 நவம்பரிலிருந்து 1950 ஏப்ரல் வரை நாலரை வருடத்துக்குச் சற்றுக் குறைவு. கடிதங்கள் 270-க்கும் மேல். அதாவது ஏறக்குறைய ஆறு நாளைக்கு ஒரு கடிதம். தினமும் எழுதித் தள்ளவில்லை. சில கடிதங்கள் ஒன்றிரண்டு பக்கம்தான். ஆனால் தினமும் போனார், தினமும் பார்த்தார். எழுதும்போது ஒரு கடிதத்துக்கு ஒரு சங்கதி, மிஞ்சினால் இரண்டு. பெரும்பாலும் நேற்றுக் காலை, இன்று பிற்பகல் என்று நேரத்தைச் சொல்லித் தொடங்குவார். முன்னுரை, பீடிகை எதுவும் இருக்காது. சகோதரருக்குத்தானே எழுதுகிறோம், அவருக்கு எதற்குப் பீடிகை? உங்களில் யாராவது எழுத நினைத்தும் முதல் வரி கிடைக்காமல் தவிக்கிறீர்கள் என்றால், வெளியூரில் இருக்கும் மகனுக்கோ தங்கைக்கோ எழுதுவதாக நினைத்துக்கொண்டு மணியைச் சொல்லித் தொடங்கிப் பாருங்கள்.

காகிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. போர்க்காலத் தட்டுப்பாடு முழுவதும் நீங்காத சமயம். போதாததற்கு மகரிஷி காகித விஷயத்தில் மிகவும் சிக்கனமானவர். வந்த தபாலில் எழுதாமல் விட்ட ஓரத்தையும் வெற்றுப் பக்கத்தையும் வெட்டி எடுத்து, சேர்த்துத் தைத்துச் சின்ன நோட்டுப் புத்தகமாக்கிவிடுவார். இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவர் நாகம்மா. அவர் வாக்கியங்களிலும் அந்தச் சிக்கனம் இருக்கிறது.

1946 செப்டம்பர் 1-ஆம் தேதி, மகரிஷி இந்த ஊருக்கு வந்து ஐம்பது ஆண்டு நிறைந்த பொன்விழா. 1949 மார்ச்சில் மாத்ருபூதேஸ்வரர் கோயில் கும்பாபிஷேகம். இவற்றையெல்லாம் நேரில் பார்த்தவராக எழுதினார். 1948 இறுதியில் மகரிஷியின் இடது கையில் கட்டி தோன்றியது. நாலு முறை அறுவை சிகிச்சை நடந்தது. அந்த ஒரு வருடத்துக் கடிதங்கள் படிப்பதற்குக் கடினமானவை. என்ன நடக்கப்போகிறது என்று படிக்கும் நமக்குத் தெரியும், எழுதுகிறவருக்குத் தெரியாது. நம்பிக்கையும் பயமும் கடிதத்துக்குக் கடிதம் மாறிமாறி வருகின்றன. எழுதாமல் விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. அவர் விடவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு மகரிஷி மறைந்தார்.

அதன் பிறகு கடிதத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. நாகம்மா நினைவுக் குறிப்புகள் எழுதினார். இங்கே வாழ்ந்த தன் வாழ்க்கையைப் பற்றித் தனியாகவும் எழுதினார். கடிதங்கள் தெலுங்கில் ‘ஸ்ரீ ரமணாசிரம லேகலு’ என்ற பெயரில் ஆசிரம வெளியீடாக வந்தன. யாருக்காக எழுதப்பட்டனவோ அந்தச் சகோதரர் சாஸ்திரியே உட்கார்ந்து அவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். வங்கி அதிகாரி ஒருவர் தன் பெயருக்கு வந்த தபாலையெல்லாம் ஊருக்குப் பிரித்துக் கொடுத்த மாதிரி. பிற மொழிகளுக்கும் அவை போயின. நாகம்மா 1980-இல் காலமானார்.

நூல்கள் ஆசிரமப் புத்தகக் கடையில் கிடைக்கும். முதலிலிருந்து வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. பசு லட்சுமி பற்றிய கடிதங்களைத் தேடி எடுத்து, பேரப்பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படியுங்கள். ஒரு கடிதத்துக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.