குறையுள்ள துணியும் இமாம் அபூஹனீஃபாவும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் சலவாத்தும் சலாமும் உண்டாகட்டும்.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! சேலம், நாமக்கல் பள்ளிவாசல்கள் பலவற்றில் நாம் ஹனஃபி மத்ஹபின்படி தொழுகிறோம். அந்த மத்ஹபின் இமாமைப் பெரிய சட்ட மேதையாக நமக்குத் தெரியும். அவர்கள் ஒரு ஜவுளி வியாபாரி என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் இயற்பெயர் நுஃமான். ஹிஜ்ரி 80-ல், இராக்கின் கூஃபா நகரில் பிறந்தார்கள். பட்டுத்துணி வியாபாரம் செய்துகொண்டே ஹம்மாத் (ரஹ்) அவர்களிடம் ஏறத்தாழ 18 ஆண்டுகள் கல்வி கற்றார்கள். வியாபார லாபத்தில் ஆலிம்களுக்கும் ஏழை மாணவர்களுக்கும் செலவு செய்தார்கள்.

ஹஃப்ஸ் என்பவர் அவர்களின் வியாபாரப் பங்காளி. ஒருமுறை அவரிடம் சரக்கைக் கொடுத்தனுப்பும்போது, இன்ன துணியில் குறை இருக்கிறது, வாங்குபவரிடம் அதைச் சொல்லிவிட்டே விற்கவேண்டும் என்று இமாம் சொன்னார்கள். ஹஃப்ஸ் மறந்துபோய், சொல்லாமலே விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்றும் தெரியவில்லை. இமாம் என்ன செய்தார்கள்? அந்தத் துணியின் விலையை மட்டும் அல்ல, அந்தச் சரக்கு முழுவதும் விற்று வந்த பணத்தையும் தர்மம் செய்துவிட்டார்கள்.

இன்னொரு நாள், ஒரு பெண்மணி பட்டுத்துணி ஒன்றை விற்க வந்து 100 திர்ஹம் கேட்டார். அதன் மதிப்பு அதைவிட அதிகம் என்று இமாமே சொன்னார்கள். அவர் நூறு நூறாகக் கூட்டி 400 வரை வந்தார். இன்னும் அதிகம் என்றதும், தன்னைக் கேலி செய்வதாக நினைத்துவிட்டார். வேறொருவரை அழைத்து மதிப்புப் போடச் சொன்னபோது, அந்தத் துணி 500 திர்ஹத்துக்கு விலைபோனது. விவரம் தெரியாத ஒருவரின் அறியாமையில் இமாம் லாபம் பார்க்கவில்லை.

சகோதரர்களே! அந்தக் கடை கூஃபாவில் இருந்தது. நம் கடைகள் இங்கே இருக்கின்றன. இளம்பிள்ளை சேலையில் இழை விட்டுப்போன இடத்தை மடிப்புக்குள் மறைத்து விற்கிறோமா? கலப்புப் பட்டை அசல் பட்டு என்கிறோமா? திருச்செங்கோட்டு போர் வண்டி ஒரு காட்டில் துளை போடுகிறது. எத்தனை அடி இறங்கியது என்பது வண்டிக்காரருக்குத் தெரியும், அல்லாஹ்வுக்குத் தெரியும். கடன் வாங்கிப் போர் போடும் விவசாயிக்குத் தெரியாது. அங்கே சொல்லும் அடிக்கணக்கில்தான் நம் ஈமான் சோதிக்கப்படுகிறது. முட்டை அட்டையின் அடியில் வைக்கும் கீறல் முட்டையும், வெண்மைக்காக ஜவ்வரிசியில் சேர்க்கும் ரசாயனமும் அப்படித்தான்.

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே இருந்த ஈரத்தைக் கண்டுபிடித்துக் கண்டித்த சம்பவத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். நம் குவியலுக்குள் நாமே கைவிட்டுப் பார்க்கும் நாள் எது?

கடையில் இருந்த நேர்மைதான் அரசவை வாசலிலும் இமாமைக் காத்தது. கலீஃபா மன்ஸூர் நீதிபதி பதவியை ஏற்கும்படி வற்புறுத்தினார். ஆட்சியாளரின் விருப்பத்துக்கு வளைய நேரும் என்று அஞ்சி இமாம் மறுத்தார்கள். சிறை வைக்கப்பட்டார்கள். ஹிஜ்ரி 150-ல் பாக்தாதில் வஃபாத்தானார்கள். ஒரு துணியின் குறையை மறைக்க மனம் வராதவர், நீதியின் குறையை மறைக்க எப்படிச் சம்மதிப்பார்?

இன்று தொழுதுவிட்டு வெளியே போகும்போது, யாரிடமாவது சொல்லாமல் விட்ட குறை ஒன்று நினைவுக்கு வந்தால், அவருக்கு ஃபோன் செய்து சொல்லிவிடுங்கள். பணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வந்தால் கொடுத்துவிடுங்கள். ஆளைத் தேடியும் கிடைக்கவில்லையென்றால், இமாம் காட்டிய வழி இருக்கிறது.

ஹலாலான சம்பாத்தியத்தையும், அதில் பரக்கத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.