வங்கத்தில் இராஜாஜி

பிறந்த மண்ணை விட்டு வெளியே சென்று பணியாற்றுவோர்க்கு, சென்ற இடத்தில் நல்வரவு கிடைப்பது ஒரு பேறு. மேற்கு வங்கத்தின் முதல் கவர்னராகச் சென்ற சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியாருக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10-ஆம் நாள் பிறந்தவர். சேலத்தில் வக்கீல் தொழிலில் பெயரும் பொருளும் ஈட்டி, காந்தியடிகளின் அழைப்பில் அதனைத் துறந்தவர். 1930-இல் வேதாரண்யத்தில் உப்பெடுத்ததும், 1937-இல் சென்னையின் பிரதமரானதும் நம்மவர் அறிந்தவையே, விரிக்க வேண்டுவதில்லை.

வங்கத்தார் நினைவில் நின்றவை வேறு. 1939-இல் திரிபுரி காங்கிரஸில் சுபாஷ் சந்திர போஸின் தலைமையை எதிர்த்து நின்றோருள் இவரும் ஒருவர். 1942-இல் ஆகஸ்டுப் போராட்டத்தில் சேராது விலகியதோடு, முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கைக்கு இணங்கலாம் என்றும் வாதித்தார். பிரிவினையால் புண்பட்டிருந்த வங்கம், இத்தகையவரை ஏற்கத் தயங்கியதில் வியப்பென்ன?

1947 ஆகஸ்டு 15 அன்று, வெல்லெஸ்லி பிரபு கட்டுவித்த கவர்னர் மாளிகைக்குள் மக்கள் வெள்ளம் புகுந்தது. வைஸ்ராய்கள் வாழ்ந்த கூடங்களில் சாமானியர் உலவினர். ஆனால் அக்களிப்பு நீடிக்கவில்லை. ஆகஸ்டு இறுதியில் கலகம் மீண்டும் மூண்டது. பேலியகட்டாவில் தங்கியிருந்த காந்தியடிகள் செப்டம்பர் 1-ஆம் நாள் உண்ணாவிரதம் பூண்டார். இராஜாஜி அவரிடம் சென்று, அது வேண்டாவென நெடுநேரம் வாதாடினார். சம்பந்தி என்ற உரிமையும் உண்டல்லவா? வாதம் பலிக்கவில்லை. மூன்று நாட்களில் நகரமே பணிந்தது; எல்லாச் சமயத் தலைவர்களும் எழுத்தில் உறுதியளித்தபின், செப்டம்பர் 4-ஆம் நாள் இரவு விரதம் முடிந்தது.

கவர்னருக்கு அதிகாரம் குறைவு, ஆள்வது மந்திரிசபை. முன்பு ஆணையிட்டுப் பழகியவர் ஆலோசனையோடு நிற்பது எளிதன்று. எனினும், பிரபுல்ல சந்திர கோஷ், அவருக்குப் பின் பி. ஸி. ராய் என இரு முதன்மந்திரிகளின் காலத்திலும் தம் வரம்பறிந்து நடந்தார். பத்துத் திங்களில் எதிர்ப்பின் வேகமும் தணிந்தது.

1948 ஜூன் 21-இல் இந்தியாவின் கவர்னர்-ஜெனரலானார். அப்பதவியை வகித்த இந்தியர் அவர் ஒருவரே. 1950-இல் அப்பதவியே மறைந்தது. நாட்டின் தலைமை இருக்கையில் அமர்ந்தவர், 1952-இல் சென்னையின் முதன்மந்திரியாகத் திரும்பி வந்தபோது, இது இறக்கமன்றோ என்று வியந்தோர் பலர். அவரோ அதைப் பொருட்படுத்தவில்லை. கல்வித் திட்டத்திற்கு எழுந்த கடும் எதிர்ப்பினூடே 1954-இல் பதவி விலகினார். பின்னர் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்து, முன்னாள் தோழர்களையே எதிர்த்து நின்றார். 1972 டிசம்பர் 25-இல், தொண்ணூற்று நான்காம் வயதில் சென்னையில் காலமானார்.