ஆர்ச்சர் மார்ட்டின்

பசு வைக்கோலைத் தின்று பாலைத் தருகின்றது என்பது யாவரும் அறிந்ததே. இடையே அதன் வயிற்றில் நிகழ்வது யாது என்பதை அளந்தறிதற்குக் கருவி தந்த ஒருவரது சரிதத்தை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம். அவர் உழவருமல்லர், கால்நடை மருத்துவருமல்லர்.

ஆர்ச்சர் ஜான் போர்ட்டர் மார்ட்டின் என்பார் 1910-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் இலண்டன் மாநகரில் மருத்துவர் ஒருவருக்கு மகனாய்த் தோன்றினர். எழுத்துக்கள் எளிதிற் பிடிபடாத குறையொன்று அவர்பால் இருந்தமையின், எட்டு வயதளவும் அவருக்குப் படிக்க வரவில்லை. கைகளோ வேறு கதை கூறின. பள்ளிச் சிறுவராயிருக்கையிலேயே காலியான காப்பித் தகரங்களை ஒன்றன்மேலொன்றாகப் பற்றவைத்து, உள்ளே கற்கரித் துண்டுகளை நிரப்பி, கலந்த திரவங்களைக் காய்ச்சி வடித்துப் பிரிக்கும் தூண்களை வீட்டிலே அமைத்தனர். பிற்காலத்து அவர் இயற்றியன யாவற்றிற்கும் இத்தகரத் தூணே வித்து என்பது எமது துணிபு.

கேம்பிரிட்ஜில் இரசாயனப் பொறியியல் கற்க எண்ணிச் சென்ற அவரை உயிர் இரசாயனத்தின்பால் திருப்பியவர் ஹால்டேன் என்னும் பேரறிஞர். 1938-இல் லீட்ஸ் நகரத்துக் கம்பளி ஆராய்ச்சிச் சங்கத்திற் சேர்ந்து, ரிச்சர்டு சிங் என்னும் நண்பருடன் கம்பளிப் புரதத்தின் அமினோ அமிலங்களைப் பிரிக்க முயன்றனர். முதலில் அமைத்த பொறி, இரவும் பகலும் ஒருவர் மாற்றி ஒருவர் காவல் இருக்குமாறு செய்ததன்றி, குளோரோபார்ம் ஆவியால் இருவரையும் வருத்தியது. அதனைக் கைவிட்டு, நீரை உறிஞ்சிய சிலிக்காக் கூழ்மத்தைக் குழாயில் அடைத்து, அதனூடே குளோரோபார்மை ஒழுகவிட்டனர். பொருள்கள் தனித்தனிப் பட்டைகளாய்ப் பிரிந்தன. 1941-இல் வெளியிட்ட அக்கட்டுரையில், ஒழுகுவது திரவமாகவே இருத்தல் வேண்டா, வாயுவாயினும் அமையும் என்றொரு குறிப்பையும் சேர்த்தனர். அறிஞர் பலர் கையிலும் இருந்த அவ்வரியைப் பத்தாண்டளவும் எவரும் எடுத்தாளவில்லை!

அக்காலத்தே கால்நடை ஆராய்ச்சியும் வேறொரு பக்கம் வளர்ந்து வந்தது. அசைபோடும் விலங்கின் பெருவயிற்றில் நுண்ணுயிர்கள் நாரைச் சிதைத்து அசெட்டிக், புரோபியோனிக், ப்யூட்டிரிக் அமிலங்களை ஆக்குகின்றன. இவையே அவ்விலங்கிற்கு வேண்டும் ஆற்றலின் பெரும்பகுதியை அளிக்கின்றன. அவ்வமிலங்கள் ஆட்டின் இரத்தத்திற் கலத்தலை 1944-இல் பார்கிராப்ட் குழுவினர் காட்டினர். எல்ஸ்டென் என்பார் 1946-இல் மார்ட்டினின் சிலிக்காக் குழாயைக் கொண்டே அவற்றைப் பிரித்தளந்தனர். ஆயினும் அது மெல்ல நடக்கும் வேலை.

பின்னர், இலண்டனை அடுத்த மில் ஹில் ஆராய்ச்சி நிலையத்தில் வெள்ளாட்டுப் பாலின் கொழுப்பு உண்டாமாற்றை ஆராய்ந்த போப்ஜாக் என்பார், கொழுப்பு அமிலங்களைப் பிரிக்க நல்வழி வேண்டினர். உடனே மார்ட்டினுக்குப் பழைய குறிப்பு நினைவிற்கு வந்தது போலும். ஜேம்ஸ் என்னும் இளைஞருடன் கூடி, சிலிக்கோன் எண்ணெய் தோய்ந்த பொடியைக் குழாயில் அடைத்துச் சூடாக்கி, நைட்ரஜனைச் செலுத்தினர். பார்மிக் அமிலம் முதலாகப் பன்னிரண்டு கரியணுக்கள் கொண்ட அமிலம் ஈறாக ஒவ்வொன்றும் தன் முறைப்படி வெளிவந்தது. 1952-இல் இது வெளியாயிற்று. வாயு வண்ணப்பிரிகை பிறந்ததே ஆவியாகும் கொழுப்பு அமிலங்களைப் பிரித்தற்பொருட்டு என்பது மறக்கற்பாலதன்று.

இன்று பெருவயிற்று நீரைக் குழாயால் எடுத்து, துணியில் வடித்து, புரதத்தை நீக்கித் தெளிவித்து, துளியினும் குறைந்த அளவைக் கருவியுட் செலுத்துகின்றனர். சில நிமிடங்களில் அசெட்டிக் முன்னும் ப்யூட்டிரிக் பின்னுமாக வரைகோட்டிற் சிகரங்கள் எழும். புல்லும் வைக்கோலும் தின்ற மாட்டில் அமிலங்களுள் அசெட்டிக் நூற்றுக்கு ஏறத்தாழ 65 பங்கிற்குக் குறையாது. தானியம் மிகின் புரோபியோனிக் ஏறும்; பாலிற் கொழுப்புக் குறையும். தீவனத்தின் குணம் மாட்டின் உடம்பிற் புலப்படுமுன்னரே தாளிற் புலப்படுகின்றது.

1941-ஆம் ஆண்டுப் பணிக்காக மார்ட்டினும் சிங்கும் 1952-இல் நோபெல் பரிசு பெற்றனர். சிங் அப்பொழுது அபர்டீனை அடுத்த கால்நடை உணவு ஆராய்ச்சி நிலையமாகிய ரோவெட்டில் இருந்தமை பொருத்தமே.

மார்ட்டினின் முதுமையை மறதிநோய் பற்றியது. 2002-ஆம் ஆண்டு ஜூலை 28-இல், ஹியர்போர்டுஷயரிலுள்ள சிற்றூரொன்றில் இறைவனடி சேர்ந்தனர். சிவந்த உடலும் வெண்முகமும் உடைய ஹியர்போர்டு மாட்டினம் தோன்றியது அந்நாட்டிலேயாம்.